ஞாயிறும் கண்மாயும்

வற்றாத பேராறு பாயாத நிலத்தில் மக்கள் வாழ்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை கூறுவது புதுக்கோட்டை மாவட்டம். இங்குள்ள தெற்கு வெள்ளாறு மழைக்காலத்தில் மட்டும் நீர் பெறுவது. கல்லணைக் கால்வாயின் நீர் கிழக்குப் பகுதி ஊர்கள் சிலவற்றையே எட்டும். ஏனைய ஊர்கள் வானை நோக்கி வாழ்வன. ஆதலின், பருவமழை பொழியும் சில திங்களில் கிடைக்கும் நீரை ஆண்டு முழுமைக்கும் காக்க, முன்னோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களையும் குளங்களையும் அமைத்தனர்.

அவ்வமைப்பின் திறம் வியத்தற்குரியது. மேட்டு நிலத்துக் கண்மாய் நிரம்பியதும், மிகுந்த நீர் கலிங்கு வழியே வெளியேறி, அடுத்த கண்மாயை அடையும். கண்மாயினுள் இரு கல்தூண்களுக்கு நடுவே குமிழிமடை இருக்கும். அதனைத் திறந்தால், மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாயும் இயல்பாலேயே நீர் வயலை அடையும். எரிபொருளும் வேண்டா, எந்திரமும் வேண்டா. கோடையில், அடியிற் படிந்த வண்டலை உழவர் வெட்டி வண்டிகளில் ஏற்றி வயலுக்கு இடுவர். வயல் உரம் பெறும். கண்மாய் ஆழம் பெறும். வீணாவது ஒன்றுமில்லை. ஊரார் ஒன்றுகூடி இவற்றைப் பழுதுபார்த்த முறைக்குக் குடிமராமத்து என்பது பெயர்.

பின்னர் ஆழ்துளைக் கிணறுகள் வந்தன. விசையை அழுத்திய அளவில் நீர் வந்தமையால், கண்மாயை மக்கள் மறந்தனர். வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன. கண்மாய்களில் சீமைக் கருவேலம் மண்டியது. ஊறும் நீர் குறைந்து, இறைக்கும் நீர் பெருகியதால், நிலத்தடி நீர் பல நூறு அடி கீழே சென்றது. ஆழம் மிகமிக, இறைப்பதற்கு வேண்டும் மின்சாரமும் மிகுந்தது. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதியோ நிலக்கரியை எரித்துப் பெறப்படுவது. அப்புகை உலகின் வெப்பத்தை உயர்த்துகிறது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வீசியது. மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்களில் நாள் பல கழிந்தும் மின்சாரம் வரவில்லை. காலடியில் நீர் இருந்தும், அதனை மேலே கொணர வழியின்றி மக்கள் தவித்தனர். அத்துன்பம் ஒரு பாடமாயிற்று. அடுத்த ஆண்டில் கொத்தமங்கலம் முதலிய ஊர்களின் இளைஞர், அரசின் கையை எதிர்பாராது, தாமே பொருள் திரட்டிக் குளங்களைத் தூர் வாரினர்.

அதே 2019-ஆம் ஆண்டில், சூரிய ஒளியால் இயங்கும் நீரேற்றும் பொறிகளை உழவர்க்கு மானியத்தில் வழங்கும் திட்டத்தை மைய அரசு தொடங்கியது. புகையற்ற அப்பொறி நன்றே. ஆயினும், ஈண்டு ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். ஞாயிற்றின் ஒளி எடுக்க எடுக்கக் குறையாது. நிலத்தடி நீரோ எடுக்க எடுக்கக் குறையும். செலவின்றி இறைக்கலாம் என்று பகல் முழுதும் பொறியை ஓட்டினால், குறையாத ஒன்றைக் கொண்டு குறையும் ஒன்றை அழித்தவராவோம். புதிய பொறி வளத்தைத் தருவதன்று. வளத்தை எடுப்பதற்குரிய கருவியே. வளத்தைத் தருவது கண்மாய்.

ஆகவே, கூரைமேல் ஒளித்தகடும் ஊர்ப்புறத்தே நிறைந்த கண்மாயும் ஒருங்கே வேண்டும். எடுக்கும் கை எத்துணை நீளுமோ, காக்கும் கையும் அத்துணை நீளுதல் வேண்டும். மாணவர்கள் தம் ஊர்க் கண்மாயின் வரத்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது, எங்கே அடைபட்டுள்ளது என்பதை நேரிற் சென்று கண்டறிதல் அப்பணியின் முதற்படியாகும்.