பயிர்ப் படத்தைச் சிறிதாக்கி அனுப்பும் முறை

பயிரில் பூச்சியோ நோயோ கண்டால் செடியைப் பிடுங்கிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்கு வந்த காலம் உண்டு. இன்று உழவர் பெருமக்கள் பலர் செல்பேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றனர். அலைச்சல் மிச்சம்தான். ஆனால் வந்து சேரும் படங்கள் பல, நோயை அறிய உதவுவதில்லை. குறை பெரும்பாலும் கேமராவில் இல்லை. படம் சிறிதாகும் விதத்தில் உள்ளது.

மீஞ்சூர் பக்கத்து உழவர் ஒருவர் சென்ற ஆண்டு தம் வெண்டைத் தோட்டத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். மேல் இலைகளில் வெளிறிய பூச்சு தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன், கட்டம் கட்டமாகச் சிதறியது. சாம்பல் நோய் என்று கருதி, நனையும் கந்தகம் தெளிக்கச் சொன்னேன். அவரும் தெளித்தார். பத்து நாள் கழித்து நேரில் சென்று, மருந்து படாத ஓரத்துச் செடியின் இலையை விரலால் தேய்த்தேன். பூச்சு முழுவதும் விரலோடு வந்துவிட்டது. அடியில் இலை பச்சையாகவே இருந்தது. எண்ணூர் வட்டாரத்தில் அனல் மின் நிலையங்களும் சாம்பல் குட்டைகளும் உண்டல்லவா? காற்றில் வந்து படிந்தது உண்மையான சாம்பல்! மருந்துச் செலவும் கூலியும் வீண். தவறு என்னுடையதே. மங்கிய படத்தைக் கண்டு பரிந்துரை சொல்லியிருக்கக் கூடாது.

புள்ளிக் கணக்கு

செல்பேசிப் படம் என்பது பிக்சல் எனப்படும் நுண்ணிய புள்ளிகளின் தொகுப்பு. 12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் அகலத்தில் 4000, உயரத்தில் 3000 புள்ளிகள் கொண்டது. மொத்தம் 1 கோடியே 20 லட்சம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது ஏறக்குறைய 1600க்கு 1200 என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான புள்ளிகளே மிஞ்சும்.

ஒரு மீட்டர் அகலத்துக்குப் பயிர் தெரியுமாறு எடுத்தீர்கள் எனக் கொள்வோம். மூலப் படத்தில் 1 மில்லிமீட்டருக்கு 4 புள்ளிகள் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் நீளமுள்ள புகையான் பூச்சி 12 புள்ளிகளில் தெரியும். சுருங்கிய படத்திலோ அதற்கு 5 புள்ளிகள்கூட முழுதாக இல்லை. அது பூச்சியா, மண் துகளா என்று யாரால் சொல்ல முடியும்? இழந்த புள்ளிகள், படத்தை மறுபடி பெரிதாக்கினாலும் திரும்பி வருவதில்லை.

ஆகவே முதலில் வெட்டுங்கள், பிறகு சுருக்குங்கள். செல்பேசியில் அந்தப் படத்தைத் திறந்து, 'எடிட்' பகுதியில் 'கிராப்' என்பதைத் தொட்டு, நோயுற்ற இடத்தை மட்டும் நிறுத்திக்கொண்டு, நகலாகச் சேமிக்க வேண்டும். மேற்சொன்ன படத்தில் 40 சென்டிமீட்டர் அகலத்தை மட்டும் வெட்டினால் அதுவே 1600 புள்ளிதான். மேலும் சுருங்க வேண்டிய தேவையே எழாது. இதைவிட நலம், இலைக்கு அருகில் சென்று எடுப்பது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அளவும் விளங்கும். முழுச் செடியின் படம் ஒன்றும் உடன் வரட்டும். 'எச்டி' என்ற வசதியைத் தொட்டு அனுப்பினால் தெளிவு கூடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் படம் சுருங்காமலே வந்து சேரும்.

விளைபொருளை விற்க ஊர்க் குழுவில் போடும் படத்துக்கு இவ்வளவு வேண்டாம். 1080 புள்ளி அகலம் போதும். அகலத்தை மட்டும் மாற்றி உயரத்தை விட்டுவிடாதீர்கள், கத்தரிக்காய் சுரைக்காயாகிவிடும்.

மூலப் படத்தை அழிக்க வேண்டாம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. இத்தகைய நேரங்களில் படங்கள் கைக்குக் கை மாறுகின்றன. அப்படி வாட்ஸ்அப்பில் மாறிவந்த படத்துக்குள், எடுத்த நாளும் இடமும் பற்றிய பதிவு இருக்காது. மூலப் படத்தில் நாளும் நேரமும் பதிவாகியிருக்கும். இருப்பிட வசதியைத் திறந்து வைத்து எடுத்திருந்தால் இடமும் இருக்கும்.

பயிர்ச் சேதத்துக்கும் இது பொருந்தும். பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை போன்ற வட்டார இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த அவசரத்தில் செல்பேசியில் இடமில்லை என்று மூலப் படத்தை அழிப்பவர்கள் உண்டு. முதலில் அதை ஒரு மெமரி கார்டிலோ, வீட்டுப் பிள்ளைகளின் கணினியிலோ ஏற்றிவிட்டு, நகலை மட்டும் வெட்டிச் சுருக்கி அனுப்புங்கள்.