வீங்கிய கால்களுக்கு ஏற்ற காலணி



கெட்ட குமாரன் வீடு திரும்பியபோது, தகப்பன் அவனுக்கு நல்ல வஸ்திரத்தோடு பாதரட்சைகளையும் கொடுக்கச் சொன்னார். நம் ஆண்டவரோ தம் சீஷர்களின் கால்களைத் தம் கைகளாலேயே கழுவினார். மனிதனுடைய பாதம் தேவனுடைய பார்வையில் அற்பமானதல்ல. ஆகவே இந்த இதழில், நீங்கள் காணிக்கையால் தாங்கிவரும் காலணிப் பணியைப் பற்றிச் சற்று விளக்கமாகப் படிப்போம்.

கால் ஏன் வீங்குகிறது?

யானைக்கால் நோய், கொசுக்கடி வழியாக உடலில் சேரும் நுண்புழுக்களால் வருகிறது. அவை நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிடுவதால், நீர் காலில் தேங்குகிறது. புழுக்களை ஒழிக்க மருந்து உண்டு. ஆனால் முற்றிய வீக்கம் மருந்தினால் மட்டும் முழுவதும் வற்றிவிடாது. விரலிடுக்கில் உள்ள புண், முள் குத்திய காயம் இவற்றின் வழியாகக் கிருமி புகுந்தால் குளிர்காய்ச்சலும் கடும் வலியும் வரும். ஒவ்வொரு தடவை இப்படி வந்து போகும்போதும் வீக்கம் இன்னும் பெருக்கிறது.

இங்கேதான் ஏழையின் இக்கட்டு இருக்கிறது. கால் பெருத்தால் கடைச் செருப்பு நுழையாது. செருப்பு இல்லாவிட்டால் காயம் படும். காயம் பட்டால் கால் மேலும் பெருக்கும். வயலில் சேற்றில் நிற்கிறவர்களுக்கும், சாக்கடை துப்புரவு செய்கிறவர்களுக்கும் முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் பூட்ஸ் தேவை. ஆனால் அதன் குழாய் பருத்த கெண்டைக்காலில் ஏறுவதில்லை. ஆகவே அவர்கள் வெறுங்காலோடு இறங்குகிறார்கள், அல்லது கூலியை இழக்கிறார்கள்.

அளவு எடுக்கும் முறை

1. மாலையில் அளக்க வேண்டும். பகலெல்லாம் நின்ற பிறகே வீக்கத்தின் முழு அளவு தெரியும்.

2. நோயாளி எழுந்து நிற்க, இரு பாதங்களையும் காகிதத்தில் தனித்தனியே வரைய வேண்டும். இரண்டு கால்களும் ஒரே அளவாய் இருப்பது அரிது.

3. பாதத்தின் மேற்புறம், கணுக்கால், கெண்டைக்காலின் மிகப் பருத்த இடம், பூட்ஸின் மேல்விளிம்பு வரும் இடம் ஆகிய நான்கு சுற்றளவுகளையும் குறிக்க வேண்டும். கட்டுத்துணியோ காலுறையோ அணிபவரானால் அதோடு சேர்த்தே அளக்க வேண்டும்.

எப்படிப்பட்டது நல்லது?

கீழே அகலமாகவும், மேலே முழுவதும் திறந்து ஒட்டுப்பட்டையால் மூடக்கூடியதாகவும் இருப்பது நல்லது. காலையில் இறுக்கியும் மாலையில் தளர்த்தியும் அணியலாம். உயர்ந்த பூட்ஸ்தான் வேண்டுமானால், பின்புறத்தைப் பிளந்து நீர் புகாத ரப்பர் துண்டு வைத்து அகலப்படுத்தலாம். மேல்விளிம்பு கயிறு கட்டியதுபோல் காலை நெரிக்கக் கூடாது. நெரித்தால் நீர் மேலேற வழியின்றி வீக்கம் கூடும். அகலப்படுத்த முடியாவிட்டால், பருத்த இடத்துக்குக் கீழேயே முடியும் குட்டை பூட்ஸ் மேலானது.

உணர்ச்சியற்ற கால்கள்

தொழுநோயாலோ சர்க்கரை நோயாலோ உணர்ச்சி குன்றியவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. இறுக்கமாக இருந்தால்தான் செருப்பு காலில் இருப்பது தெரிகிறது என்று அவர்கள் சிறிய அளவையே கேட்பார்கள். 1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களில் பெரும்பாலானவை உணர்ச்சி இழப்பினால் வருகிறவை என்று எடுத்துக்காட்டினார். நுண்ணறை ரப்பர் அடிப்பாகம் கொண்ட மென்மையான செருப்பு இன்று பலருடைய பாதங்களைக் காக்கிறது. அதில் ஆணி அடிக்கக் கூடாது; தைக்கவோ பசையால் ஒட்டவோ வேண்டும்.

அணிந்த பின்பு

முதல் நாள் அரை மணி நேரம் போதும். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்த தடம் சற்று நேரத்தில் மறையாவிட்டால், அந்த இடத்தைத் தளர்த்த வேண்டும். தினமும் சோப்பும் சுத்தமான தண்ணீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்க வேண்டும். ஈரமான பூட்ஸை உலர்த்தாமல் மறுபடி போடலாகாது. காய்ச்சலும் சிவப்பும் வந்தாலோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினாலோ, காலணியைத் தேடாமல் உடனே மருத்துவரிடம் வர வேண்டும்.

அன்பானவர்களே, இந்த நோயாளிகளில் சிலர் கால்களை மறைக்க முடியாமல் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். உங்கள் சபையில் அப்படி ஒருவர் இருந்தால், அவர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு நூலும் காகிதமும் இருந்தால் அளவெடுத்து எங்களுக்கு அனுப்பலாம். நீங்கள் தரும் காணிக்கை ரப்பராகவும் தோலாகவும் தையல் கூலியாகவும் மாறி, ஒருவர் காயமின்றி வேலைக்குப் போக உதவுகிறது. காலணி செய்யும் எங்கள் சகோதரர்களின் கைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் பாதைகளைக் காப்பாராக.