வலைமணி வார்க்கப் போகும் தம்பிகளுக்கு

வரிச்சிக்குடிப் பக்கம் வீச்சுவலை பழகும் தம்பிகள் சிலர் ஈயமணியை வீட்டிலேயே வார்க்க ஆசைப்படுகிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். நண்டலாற்றில் மடவைக் கூட்டத்தின்மேல் வலை வட்டமாக விரிவதும் கோணலாக விழுவதும் பாதி கைப்பழக்கம், பாதி மணியின் எடை.

1. பழைய வலையில் கழற்றிய மணியே நல்ல ஈயம். பேட்டரித் தகட்டைத் தொடாதீர்கள். அதில் அமிலம் ஊறியிருக்கும், ஆன்டிமனியும் ஆர்செனிக்கும் கலந்திருக்கும். உருக்கினால் வரும் புகை ஆளையே சாய்க்கும்.

2. ஈரம்தான் முதல் எதிரி. உருகிய ஈயத்துக்கு அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் அகப்பட்டால் நொடியில் ஆவியாகி, ஈயத்தை முகத்தில் வாரி அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வார்க்கவே வேண்டாம். கரண்டியையும் அச்சையும் அனலில் காட்டிய பிறகே அவற்றில் ஈயம் படவிடுங்கள். செருப்புப் போதாது, ஷூ, முழுக்கைச் சட்டை, கண்ணாடி வேண்டும்.

3. ஈயம் 327 டிகிரியில் உருகும். மேலே படியும் கசடை வழித்தால் அடியில் வெள்ளி போலப் பளபளக்கும். அச்சின் உட்புறத்தில் விளக்குக் கரி பிடிக்க விடுங்கள்; மணி ஒட்டாமல் கழன்று வரும். அச்சு சூடேறும்வரை விழும் மணிகளில் தோல் சுருங்கினாற்போல வரி ஓடியிருக்கும். அவற்றைத் திரும்பச் சட்டியில் போடுங்கள். வரியில்லாமல், விளிம்பு கூராக நிறைந்து வருவதுதான் மணி.

4. ஒவ்வொன்றையும் தராசில் வையுங்கள். இதில் சோம்பல்பட்டால் மற்ற வேலையெல்லாம் வீண். வெளிநாடுகளில் துப்பாக்கிக் குண்டைத் தாங்களே வார்க்கும் போட்டிக்காரர்களும் எடை பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். உள்ளே காற்றுக்குமிழி இருக்கும் குண்டு எடை குறையும். சுழலும்போது ஆடும், குறி விலகும். (நம் நாட்டில் உரிமம் இல்லாமல் குண்டு வார்ப்பது குற்றம், அந்தப் பக்கம் போகாதீர்கள்.) வலையிலும் ஒரு பக்கம் கனத்தால் அந்தப் பக்கம் முந்தி விழும், எதிர்ப்பக்கம் விரியாது. ஒத்த எடை மணிகளை ஒரே இடைவெளியில் கட்டுங்கள்.

5. வீசும்போது மணிக்கயிற்றைப் பல்லில் கடிக்கிறோம். கயிற்றைக் கடியுங்கள், ஈயத்தைக் கடிக்காதீர்கள். மணியைப் பல்லால் நெரித்து இறுக்கும் பழக்கத்தையும் விடுங்கள், குறடு இருக்கிறது. உடம்புக்குக் கேடில்லாத ஈய அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் கெடுக்கும். ஆகவே திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டாமல் பக்கவாட்டில் நின்று வார்க்க வேண்டும். அந்தச் சட்டி சமையலறைக்குள் திரும்பக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள்.

6. உதிர்ந்த மணியைக் கரையில் விடாதீர்கள். தூண்டிலின் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால்தான் பிரிட்டனில் 1987இல் அவற்றுக்குத் தடை வந்தது. நமக்குத் தெற்கே கோடிக்கரையில் பூநாரைகள் சேற்றைத் துழாவித்தான் இரை தேடுகின்றன. அறுந்த வலையைக் கடலில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, மணியைக் கழற்றி அடுத்த வார்ப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.