முதல் விமானத்திற்கு இறக்கை மேலே இருக்கட்டும்

அலோர்ஸ்டாருக்கு அருகிலுள்ள கெப்பாலா பத்தாஸ் தளத்தில் அரச மலேசிய ஆகாயப் படையின் மாணவ விமானிகள் ஓட்டிப் பழகிய பிலாட்டஸ் பிசி-7 விமானத்தின் படத்தைப் பாருங்கள். இறக்கை உடலின் அடிப்பகுதியில் இருக்கும். அதுவும் பயிற்சி விமானம்தான். ஆனால், ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்தை முதன்முதலாக வாங்கும் மாணவர் அந்தத் தோற்றத்தில் மயங்கினால், பெரும்பாலும் முதல் நாளே உடைந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டியிருக்கும்.

பிசி-7இல் மாணவரும் ஆசிரியரும் முன்னும் பின்னுமாக அமர்கிறார்கள். மாணவரின் இடப்பக்கமே விமானத்தின் இடப்பக்கம். மாதிரி விமானத்தை ஓட்டுபவரோ தரையில் நிற்கிறார். விமானம் விலகிச் செல்லும்வரை சிக்கலில்லை. அது திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். மூளை தடுமாறும் அந்த ஓரிரு விநாடிகளில் விமானம் தானாக நிமிர வேண்டும்.

அதற்காகத்தான் உடலுக்கு மேலே பொருத்தப்பட்டு, இரு முனைகளும் சற்று உயர்ந்து, ஆழமில்லாத 'V' போல அமைந்த இறக்கையைத் தேடச் சொல்கிறோம். ஒரு பக்கம் சாய்ந்தால் விமானம் அப்பக்கமாகச் சறுக்கும். அப்போது தாழ்ந்த இறக்கையைக் காற்று கூடுதல் கோணத்தில் தாக்குவதால், அதன் தூக்குவிசை அதிகரித்து விமானம் நிமிரும். உடல் ஊசல்குண்டுபோலத் தொங்குவதால்தான் நிமிர்கிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியான விளக்கமன்று.

கட்டுப்பாட்டிற்கு மூன்று சேனல் போதும்: மோட்டார் வேகம், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், திசை திருப்பும் ரட்டர். இறக்கையைச் சாய்க்கும் எய்லிரான் நான்காவது. ஆனால் ரிமோட்டை மட்டும் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட சேனலில் வாங்குங்கள். அடுத்த விமானத்திற்கும் உதவும். 'மோட் 2' ரிமோட்டில் இடக்குச்சி வேகத்திற்கு, வலக்குச்சி எலிவேட்டருக்கும் எய்லிரானுக்கும். மூன்று சேனல் விமானத்தில் ரட்டரை எய்லிரான் சேனலில் இணைத்தால், திருப்பும் பழக்கம் தொடக்கத்திலிருந்தே வலக்கையில் படியும். உங்களுக்குக் கற்றுத்தருபவர் 'மோட் 1' பயன்படுத்தினால் நீங்களும் அதையே வாங்குங்கள். ஆபத்தில் அவர் கையில் ரிமோட்டைக் கொடுக்க முடிய வேண்டுமல்லவா?

பால்சா மரத்தைவிட ஃபோம் நல்லது. உடைந்தால் பசையால் ஒட்டிவிடலாம். பேட்டரியைப் பொருத்தியபின், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழ கால் முதல் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருபுறமும் விரல் வைத்துத் தூக்குங்கள். வால் கனத்துத் தொங்கினால் பறக்கவிடாதீர்கள். பிறகு ரிமோட்டை முதலில் இயக்கி, விமானத்தைப் பின்னாலிருந்து பாருங்கள்: குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ரட்டரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும்.

விமானம் எதிரே வரும்போது ஓர் எளிய வழி உண்டு. எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள், நிமிர்ந்துவிடும்.

செம்பனை சூழ்ந்த தோட்டத்துத் திடலைவிட, அறுவடை முடிந்த மூடா வயல்வெளி பரந்தது, உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய வான்வெளியில் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. 400 அடிக்கு மேல் எழுப்புவதற்கும் அனுமதி வேண்டும். காற்று அடங்கிய காலை வேளையில் தொடங்குங்கள்.