சட்டத் தாள்களா, சான்றிதழா? மரச்சாமான் ஏற்றுமதியாளருக்கு

ஐரோப்பாவுக்கு மரச்சாமான் அனுப்ப நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எஃப்.எஸ்.சி. என்ற வனச் சான்றிதழ் வாங்கிவிட்டால் போதும்தானே?" என்பதுதான். போதாது. காட்டைப் பொறுப்போடு பராமரிக்கிறார்களா என்பதற்கு அந்தச் சான்றிதழ் சாட்சி. இந்தக் கன்டெய்னரில் வரும் மரம் எந்த நிலத்தில், எந்த அனுமதியில் வெட்டப்பட்டது என்பது சட்டத்தின் கேள்வி.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் 2023இல் வந்தது. இருமுறை தள்ளிப்போய், பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 முதல் அமலாக இருக்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தின் மரத்தை அது ஏற்காது. சான்றிதழைத் துணைத் தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்ளும். 2025 மே மாதம் இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடுகளின் பட்டியலில் இடம்பெற்றதால் இறக்குமதியாளருக்கு வேலை குறையும். ஆனால் நிலத்தின் இருப்பிடத்தைக் காட்டுவதிலிருந்து விலக்கு இல்லை.

விவசாயிகளிடம் நேரடியாக மரம் வாங்கும் சிறு பட்டறையா? தாள்களைச் சரியாக வைத்துக்கொண்டாலே போதும். சிட்டா, அடங்கல், வெட்டுவதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் தேவைப்படும் அனுமதி, அறுவை மில் பில். சர்வே எண்ணோடு விட்டுவிடாதீர்கள். தோப்புக்குள் நின்று கைபேசியில் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆறு தசம இலக்கம்வரை குறித்துக்கொள்ளுங்கள். தோப்பு 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் வரைந்து கொடுக்க வேண்டும். இப்படிச் சேர்த்த தகவல் தொலைந்துபோகிற இடம் அறுவை மில். நாலு ஊர் மரம் ஒரே அடுக்கில் கலந்துவிட்டால் பிறகு யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உங்கள் மரத்தைத் தனியே அடுக்கிப் பெயின்டில் குறியிடச் சொல்லுங்கள். மறுக்கும் மில்லை விட்டுவிடுங்கள்.

வாங்குபவர் லேபிள் கேட்டால் எஃப்.எஸ்.சி. எடுக்கத்தான் வேண்டும். ஐந்தாண்டு செல்லும், ஆண்டுதோறும் ஆடிட் உண்டு. 'எஃப்.எஸ்.சி. மிக்ஸ்' மரம் வாங்கும்போது கவனம் தேவை. அதில் சான்றிதழ் இல்லாத காட்டு மரமும் சேரலாம். ஐரோப்பியச் சட்டமோ கலந்த ஒவ்வொரு மரத்துக்கும் இருப்பிடம் கேட்கும். விற்பவரின் இன்வாய்ஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே லோகோ மட்டும் இருந்தால் போதாது. சான்றிதழ் எண்ணும், எந்தச் சரக்கு எந்த வகை என்ற குறிப்பும் இருக்க வேண்டும். இடையில் சான்றிதழ் இல்லாத வியாபாரி ஒருவர் மரத்தை வாங்கி விற்றிருந்தால் சான்றிதழ்ச் சங்கிலி அங்கேயே அறுந்தது. ஐரோப்பியச் சட்டத்துக்கென்றே எஃப்.எஸ்.சி. கூடுதல் விதித்தொகுப்பு ஒன்று வைத்திருக்கிறது. அதையும் சேர்த்து ஆடிட் செய்யக் கேளுங்கள். ஒரே கோப்பு இரண்டுக்கும் உதவும்.

பி.இ.எஃப்.சி. என்ற வனச் சான்றிதழ் இன்னொரு வழி. அதன் அங்கீகாரம் பெற்ற இந்தியத் தரநிலை 2019 முதல் இருக்கிறது. இரண்டில் எது என்பதை வாங்குபவர் சொல்லட்டும்.

அரசு உரிமத்தை மட்டும் நம்பலாமா? இந்தோனேசியாவைப் பாருங்கள். 2016 நவம்பர் முதல் அந்நாடு கொடுத்த ஃபிளெக்ட் என்ற மர ஏற்றுமதி உரிமம் பழைய ஐரோப்பிய மரச் சட்டத்துக்கு முழுதாகப் போதுமானதாக இருந்தது. புதிய சட்டத்தில் அது சட்டப்படி வெட்டிய மரம் என்பதற்கு மட்டும் சான்று. காடழிக்கவில்லை என்று தனியே காட்ட வேண்டும். பர்மா தேக்கை ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்கில் சேர்க்கவே வேண்டாம். அந்நாட்டுத் தாள்கள் போதாதென்று 2016இலேயே ஸ்வீடன் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021இல் பர்மா அரசு மர நிறுவனத்தின் மீதே ஐரோப்பியத் தடை விழுந்தது.

சில விஷயங்களில் சான்றிதழ் சட்டத்தைத் தாண்டிப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மரம் வெட்டும் தொழிலாளியின் பாதுகாப்பு, காட்டுவாழ் மக்களின் சம்மதம், 1994 முதல் 2020 வரை அழிக்கப்பட்ட காட்டுக்கான பரிகாரம் ஆகியவற்றை எஃப்.எஸ்.சி. கேட்கிறது. காட்டின் மேல் அக்கறை உள்ள எவரும் அதை இலேசாக எண்ணக்கூடாது. ஆனால் கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், தோப்பிலிருந்து பட்டறைவரை தாள்களைச் சீராக்க முதலில் செலவிடுங்கள். வாங்குபவர் எழுத்தில் கேட்ட பிறகு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள்.