கணினிப் பாடம்: நோட்டீஸுக்கு அலங்காரத் தலைப்பு



நிகாஹ் அழைப்பு, மதரஸா ஆண்டு விழா, இலவச மருத்துவ முகாம், கல்வி உதவித்தொகை என்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜமாஅத்துகளில் நோட்டீஸ்களுக்குக் குறைவில்லை. முன்பு டிடிபி கடைக்குப் போனோம். இப்போது நம் பிள்ளைகளே வேர்டில் செய்து தருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் தலைப்பை வளைத்து, நிழல் போட்டு, ஐந்து நிறம் பூசினால் "உதவித்தொகை" என்ற சொல்லே கண்ணில் படாது. தகப்பனில்லாத பிள்ளையின் தாய் அதைக் கவனிக்காமல் கடந்துபோனால், கடைசித் தேதியும் போய்விடும். அந்த வருடப் படிப்பும் சிரமமாகிவிடும். தலைப்பின் முதல் வேலை ஆளை நிறுத்திப் படிக்கவைப்பது.

தலைப்பை அழகுபடுத்துவது நமக்குப் புதிதல்ல. திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய 'தி முஸல்மான்' உருது நாளிதழ், காத்திபுகள் கையால் எழுதி அச்சாவதால் உலகப் புகழ் பெற்றது. உருது, அரபி, தமிழ் மூன்றிலும் ஆங்கிலத்தைப் போல கேபிடல் எழுத்து இல்லை. அதனால் அளவு, தடிமன், சுற்றிலும் வெற்றிடம் ஆகியவற்றைக் கொண்டே தலைப்பைத் தனித்துக் காட்ட வேண்டும். வேர்டிலும் இதுவே விதி.

செய்யும் முறை:

1. யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது, அது இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகக் குழம்பி நிற்கும். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. விண்டோஸில் நிர்மலா யுஐ இருக்கிறது. கூகுள் ஃபாண்ட்ஸில் கேட்டமரான், கவிவனார் போன்றவை இலவசம். சாய்ந்த கையெழுத்து போன்ற கவிவனாரை வடிவமைத்தவர் இலங்கைச் சகோதரர் தாரிக் அஸீஸ்.

2. 'இன்செர்ட்' பட்டையில் 'வேர்டுஆர்ட்' அழுத்தி, இருப்பதில் எளிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்துத் தலைப்பை அடியுங்கள். நான்கைந்து சொற்கள் போதும்.

3. தலைப்பு கீழே உள்ள வரிகளின் மேல் ஏறி நின்றால், அருகில் தோன்றும் 'லேஅவுட் ஆப்ஷன்ஸ்' குறியை அழுத்தி 'டாப் அண்ட் பாட்டம்' கொடுங்கள்.

4. வளைக்க 'ஷேப் ஃபார்மேட்', 'டெக்ஸ்ட் எஃபெக்ட்ஸ்', 'டிரான்ஸ்ஃபார்ம்' என்று செல்லுங்கள். வளைவு, நிழல் இரண்டில் ஒன்று போதும். வெளிக்கோட்டைத் தடிப்பாக்கினால் சுழிகள் அடைபட்டு 'ண'வும் 'ன'வும் ஒன்றுபோல் தெரியும்.

5. அடர்ந்த ஒரே நிறம் வையுங்கள். மஞ்சளும் வெளிர்பச்சையும் திரையில் அழகு. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் மறைந்துபோகும்.

6. தேதி, நேரம், இடம், தொடர்பு எண் ஆகியவற்றுக்கு அலங்காரம் வேண்டாம். சாதாரண எழுத்தில், சற்றுப் பெரிதாக இருக்கட்டும்.

7. முடிந்ததும் 'சேவ் ஆஸ்' சென்று பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பெறுபவரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தலைப்பு கலையாது.

பல பக்க மலர் தயாரிப்பவர்கள் முகப்புக்கு மட்டும் வேர்டுஆர்ட் வையுங்கள். உள்தலைப்புகளுக்கு 'ஹோம்' பட்டையில் உள்ள 'ஹெடிங் 1' கொடுத்தால், 'ரெஃபரன்ஸஸ்' பட்டையிலிருந்து பொருளடக்கத்தை வேர்டே எடுத்துத் தரும்.

பிஸ்மில்லாஹ் பற்றி ஒரு வார்த்தை. முழு பிஸ்மில்லாஹ்வும் ஒரே குறியாக யூனிகோடில் உள்ளது. வேர்டில் எஃப், டி, எஃப், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து, ஆல்ட் விசையுடன் எக்ஸ் அழுத்தினால் வந்துவிடும். அதை வளைக்கவோ நெளிக்கவோ வேண்டாம். தெருவில் விழுந்து மிதிபடக்கூடிய துண்டு நோட்டீஸில் அரபி வசனங்களை அச்சிடாமல், வேலையைத் தொடங்கும்போது நாவால் பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொள்வதே பேணுதல் என்பது நம் கருத்து. ஐயமிருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டி, வீட்டிலுள்ள நன்னாவையோ நன்னியையோ ஆறடி தள்ளி நின்று படிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் படித்தால் அச்சுக்குக் கொடுக்கலாம். தடுமாறினால் அலங்காரத்தில் ஒன்றைக் குறையுங்கள். நம் பிள்ளைகளின் இந்தத் திறமையை அல்லாஹ் மக்களுக்குப் பயனுள்ளதாக ஆக்குவானாக, ஆமீன்.