சோபாவை ஓரங்கட்டிய பிறகு

மகனின் பின்கழுத்து கறுத்துக்கொண்டே வந்தது. அழுக்கு என்று நினைத்து, கடலை மாவு போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். 14 வயதில் அவனுக்கு டைப் 2 சர்க்கரை என்று தெரிந்த அன்றுதான், உடம்பில் இன்சுலின் சரியாக எடுபடாததன் அடையாளம் அது என்று டாக்டர் விளக்கினார்.

மெட்ஃபார்மினோடு தினமும் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்றார். மைதானத்துக்கு அனுப்பினேன். இரண்டாம் நாளே திரும்பிவிட்டான். "ஓடினா சிரிக்கிறாங்கம்மா."

அப்படித்தான் ரிங் ஃபிட் அட்வெஞ்சர் என்ற வீடியோ கேம் வீட்டுக்கு வந்தது. கையில் வளையம், தொடையில் பட்டை. நின்ற இடத்தில் ஓடினால் திரையில் வீரன் ஓடுவான். உட்கார்ந்து எழுந்தால் எதிரிக்கு அடி விழும். சிரிக்க அங்கே யாரும் இல்லை.

பட்டுத் தெரிந்துகொண்டவை சில:

* எல்லா விளையாட்டும் உடற்பயிற்சி ஆகாது. டென்னிஸ் வீடியோ கேமில் சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டியே ஜெயித்தான். இப்போது எங்கள் கணக்கு: ஆடும்போது பேச முடியலாம், பாட முடியக் கூடாது.

* எடுத்த எடுப்பில் 60 நிமிடம் கேட்காதீர்கள். 10 நிமிடத்தில் தொடங்கினோம். சாப்பிட்டுச் சற்று நேரம் கழித்து ஆடுவது நல்லது. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும்.

* எடை மெஷினைப் பரணில் போட்டுவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை போதும்.

* மாத்திரையை நிறுத்த இது சாக்கு அல்ல. இன்சுலின் போடும் பிள்ளை என்றால் ஆடுவதற்கு முன் சர்க்கரையைப் பாருங்கள். 70க்குக் கீழே இறங்கினால் கொடுக்கக் குளுக்கோஸ் பக்கத்திலேயே இருக்கட்டும்.

* கீழ்வீட்டு அக்கா மேலே வந்து, "என்னங்க, ராத்திரியில மாவு இடிக்கிறீங்களா?" என்றார். தடித்த விரிப்பு வாங்கினோம். ஓட்டத்துக்குப் பதில் குந்தி எழும் சத்தமில்லாத முறையும் அந்த விளையாட்டிலேயே இருக்கிறது.

மூன்றாம் மாதம் வளையம் அலமாரி மேல் ஏறியது. கெஞ்சினேன், அதட்டினேன், அசையவில்லை. ஒருநாள் நானே பட்டையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டே நிமிடத்தில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"இவ்வளவுதானாம்மா?" விழுந்து விழுந்து சிரித்தபடி வளையத்தை வாங்கிக்கொண்டான்.

அன்று முதல் போட்டிதான். யார் ஜெயித்தது என்று தினசரி காலண்டர் தாளில் அவன்தான் எழுதுகிறான். என் பெயர் இன்னும் அதில் ஏறவில்லை.